மருந்தகத்தில் தொடங்கிய யோகம்

நான் போகும் யோகா வகுப்புக்கு ஒருநாள் காலையில் ஒரு பெரியவர் வந்தார். அறுபது வயதை ஒட்டி இருக்கும். வெளுத்த வேட்டி, முழுக்கைச் சட்டை. கக்கத்தில் கோரைப்பாய். சட்டைக் கையை மணிக்கட்டுக்கும் கீழே இழுத்து விட்டிருந்தார். எனக்கு அந்த இழுத்துவிட்ட கை பழக்கம். முப்பத்தோரு வருடம் அரசு மருத்துவமனைகளில் செவிலியராக இருந்தவள் நான். அதில் ஒன்பது வருடம் தொழுநோய்ப் பிரிவு. சட்டைக்குள்ளே விரல்கள் எப்படி மடங்கியிருக்கும் என்று பார்க்காமலே தெரிந்துவிட்டது.

அவர் பாயை விரித்து உட்கார்ந்தார். மூச்சுப் பயிற்சிக்குக் கையைத் தூக்கியபோது விரல்கள் வெளியே தெரிந்தன. பக்கத்தில் இருந்தவர் தன் மேட்டை இரண்டடி தள்ளிப் போட்டுக்கொண்டார். அவருக்குப் பின்னால் இருந்த அம்மா எழுந்து மறு வரிசைக்கே போய்விட்டார். ஒரு வார்த்தை யாரும் பேசவில்லை. வகுப்பு முடிந்ததும் மாஸ்டர் அவரைக் கதவோரம் கூப்பிட்டு, “அய்யா, உங்களுக்குத் தனியா ஒரு நேரம் ஒதுக்கித் தாரேன், போன் பண்ணுதேன்” என்றார். பெரியவர் சிரித்தபடி “சரிங்க சார்” என்று பாயைச் சுருட்டிக்கொண்டு போனார். மாஸ்டர் கெட்ட மனிதர் இல்லை. மற்றவர்கள் வகுப்பை விட்டுப் போய்விடுவார்களோ என்ற பயம் அவருக்கு. போன் மட்டும் போகவே இல்லை.

அங்கிருந்தவர்களில் அந்த நோயைப் பற்றி முழுக்கத் தெரிந்த ஒரே ஆள் நான். “இவருக்கு நோய் எப்போதோ குணமாகிவிட்டது, இது நரம்பு போனதன் தழும்பு, யாருக்கும் ஒட்டாது” என்று சொல்ல அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. நான் சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்த ஹாலின் சுவரில் மாலை போட்ட படம் ஒன்று தொங்குகிறது. மொட்டைத் தலை, அகன்ற நெற்றி, பனிக்காலத்து நீள மேல்கோட்டு. சுவாமி சிவானந்தர். பெரியவர் பாய் விரித்தது அந்தப் படத்துக்கு நேர் கீழே. அவர் விரித்த பாயும் படத்தில் இருந்தவரும் ஒரே ஊர்: பத்தமடை. எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் அரை மணி நேரம்.

திருநெல்வேலிப் பக்கம் பத்தமடை என்றால் பாய். கொஞ்சம் வயதானவர்களிடம் கேட்டால் சாமியையும் சொல்வார்கள். 1887 செப்டம்பர் 8-ல் அங்கே குப்புசாமியாகப் பிறந்த சிவானந்தர், எட்டயபுரத்தில் பள்ளியில் படித்தார், தஞ்சாவூரில் வைத்தியம் படித்தார். சாதாரண மக்களுக்கு உடம்பைப் பேணத் தெரிய வேண்டும் என்று ‘அம்ப்ரோசியா’ என்ற மருத்துவ மாத இதழை நடத்திப் பார்த்தார். 1913-ல் மலாயாவுக்குக் கப்பலேறி, செரம்பான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு ஜோகூர். மொத்தம் பத்து வருடம். தோட்டத்து மருத்துவமனைக்கு வருகிறவர்கள் யாராக இருந்திருப்பார்கள்? பால்வெட்டப் போன நம் ஊர் ஜனங்கள்தான். மலேரியாவும் கொக்கிப்புழுவும் ரத்தசோகையும் காலில் ஆறாத புண்ணுமாக வந்திருப்பார்கள். அவர்களுக்கு மருந்து கொடுத்த கையாலேயே சில சமயம் ஊருக்குத் திரும்பும் செலவுக்குக் காசும் கொடுத்தவர் என்று அவரோடு பழகியவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

1923-ல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இந்தியா திரும்பி, அடுத்த வருடம் ரிஷிகேசத்தில் துறவு வாங்கினார். துறவு வாங்கியவர்கள் வழக்கமாகக் கண்ணை மூடி உட்கார்ந்துவிடுவார்கள் என்றுதான் நாம் நினைக்கிறோம். அவர் என்ன செய்தார்? ஆயுள் காப்பீட்டுப் பணம் கைக்கு வந்தது. அதை வைத்து 1927-ல் லட்சுமண்ஜூலாவில் இலவச மருந்தகம் திறந்தார். அந்தக் காலத்தில் பத்ரிநாத்துக்கும் கேதார்நாத்துக்கும் போகிறவர்கள் அந்த வழியாகத்தான் நடந்து போக வேண்டும். வாரக்கணக்கில் மலை ஏறுகிற நடை. காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வெடித்த குதிகாலுமாக வந்தவர்களுக்கு இவர் மருந்து கொடுத்தார். அவருடைய ஆசிரமத்தார் சொல்லும் ஒரு நிகழ்ச்சி எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரு யாத்திரிகருக்கு மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார். இரவில் யோசித்தபோது வேறொரு மருந்து அவருக்கு இன்னும் நன்றாகக் கேட்டிருக்குமே என்று தோன்றியிருக்கிறது. விடியற்காலையில் எழுந்து, மைல் கணக்கில் மலைப்பாதையில் ஓடி, அந்த மனிதரைப் பிடித்து மருந்தைக் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பினாராம். டியூட்டி முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு ‘அந்த நாலாம் நம்பர் பெட்டுக்கு இன்னொரு தடவை பி.பி. பார்த்திருக்கலாமோ’ என்று தூக்கம் வராமல் புரண்ட எந்த நர்ஸுக்கும் அந்த ஓட்டம் புரியும்.

அவருடைய தெய்வீக வாழ்க்கைச் சங்கம் தொடங்கியது 1936-ல். மருந்தகம் திறந்து ஒன்பது வருடம் கழித்து! யோகப் பள்ளி வந்தது 1948-ல், அதற்கும் பன்னிரண்டு வருடம் கழித்து. இந்த வரிசையைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், கேட்பவர்கள் சலித்துக்கொண்டாலும். முதலில் மருந்தகம், பிறகு சங்கம், அதற்குப் பிறகு வகுப்பு.

இது ஏதோ தற்செயலாக அமைந்த வரிசை இல்லை. ஆசிரமத்துக்குத் துறவு தேடி வந்த இளைஞர்களை அவர் குகைக்கு அனுப்பவில்லை. மருந்தகத்துக்கும் அடுக்களைக்கும் அச்சகத்துக்கும் அனுப்பினார். பிறருக்காக உழைத்து மனம் கொஞ்சம் அழுக்கு நீங்காமல் தியானத்துக்கு உட்கார்ந்தால், வருவது சமாதி இல்லை, தூக்கம் என்பது அவருடைய கருத்து. ‘சேவை செய், அன்பு செய்’ என்று தொடங்கும் அவருடைய உபதேச வரிசையில் தியானம் வெகுவாகப் பின்னால்தான் வருகிறது. அவர் ஆசனத்தைத் தாழ்வாக நினைத்தவரும் இல்லை. ஆசனம், பிராணாயாமம் பற்றிப் புத்தகம் புத்தகமாக எழுதியவர். கேட்டவர்க்கெல்லாம் புத்தகத்தையும் பழத்தையும் கம்பளியையும் கொடுத்துக்கொண்டே இருந்ததால் ‘கிவ்-ஆனந்தா’ என்றே அவரை அழைத்தார்கள்.

பணி ஓய்வு பெற்ற அடுத்த வருடம் நான் ரிஷிகேசம் போனேன். ஊர்க்காரர்களோடு யாத்திரை. மற்றவர்கள் ஹரித்வாருக்குப் போன நாட்களில் நான் முனி கி ரேத்தியில் சிவானந்தர் ஆசிரமத்திலேயே தங்கிவிட்டேன். அங்கே பஜனை மண்டபத்தில் 1943 டிசம்பர் 3-லிருந்து மகாமந்திரம் நிற்காமல் ஒலிக்கிறது. ராத்திரி ஒரு மணிக்கு எழுந்து போய்ப் பார்த்தேன். ஒருவர் உட்கார்ந்து தாளம் தட்டிப் பாடிக்கொண்டிருந்தார். நேரம் ஆனதும் இன்னொருவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, அதே ராகத்தில் சேர்ந்து பாட ஆரம்பித்த பிறகுதான் முதல் ஆள் எழுந்தார். வார்டில் நாங்கள் ‘ஹேண்டிங் ஓவர்’ கொடுப்பது போல. அடுத்த ஆள் வந்து நோயாளிகளை ஏற்றுக்கொள்ளும் வரை முதல் ஆள் நகரக் கூடாது. எனக்குப் பக்தி அவ்வளவு கிடையாது. ஆனாலும் அந்த இடத்தில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

பகலில் ஆசிரமத்து மருத்துவமனைப் பக்கம் போனேன். மலையிலிருந்து இறங்கி வந்த பெண்கள் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள், தலையில் துணி கட்டி, காலில் ரப்பர் செருப்போடு. பக்கத்துக் குடியிருப்புகளில் இருக்கும் தொழுநோயிலிருந்து குணமானவர்கள் நெய்த துணிகளும் போர்வைகளும் கிடைக்கும் என்றார்கள். சாம்பல் நிறத்தில் ஒரு கம்பளி வாங்கிக்கொண்டேன். அதை நெய்த விரல்கள் எப்படி நூலைப் பிடித்திருக்கும் என்று நெடுநேரம் அதைத் தடவிப் பார்த்தேன். ஒரு இடத்தில்கூட இழை பிசகவில்லை.

தொழுநோயாளிகளுக்கான அந்தப் பணிக்கு முக்கியமான காரணம் இன்னொரு சாமி. மங்களூரில் 1916-ல் வசதியான குடும்பத்தில் பிறந்த ஸ்ரீதர ராவ். சென்னை லயோலா கல்லூரியில் பட்டம் வாங்கியவர். 1943-ல் ஆசிரமம் வந்து, பின்னால் சிதானந்தர் ஆனார். வந்ததும் மருந்தகப் பொறுப்புதான் கொடுத்தார்கள். முற்றிய தொழுநோயோடு வந்த ஒருவருக்குக் குடிசை போட்டுக் கொடுத்து, புண்ணைத் தன் கையால் கழுவிக் கட்டினார். 1943-ல் எம்.டி.டி. எனும் தொழுநோய்க் கூட்டு மருந்து மாத்திரை கிடையாது. அது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையாக வந்ததே 1980-களில்தான். சாமியார்களும் சாமானியர்களும் ஒதுங்கிப்போன காலத்தில் அவர் கையை நீட்டினார். 1963-ல் சிவானந்தர் மறைந்த பிறகு, 2008-ல் தன் கடைசி நாள் வரை சங்கத்துக்குத் தலைவராக இருந்தவர் அவர். புண் கட்டிய கைதான் அந்தப் பெரிய அமைப்பை நாற்பத்தைந்து வருடம் நடத்தியது.

இனி, நான் சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன். இன்று ரிஷிகேசத்திலிருந்து அமெரிக்கா வரை யோகம் கற்பிக்கும் பெரிய அமைப்புகள் பலவற்றின் வேரைத் தோண்டினால் சிவானந்தரின் சீடர்கள் வருகிறார்கள். முங்கேரில் பீகார் யோகப் பள்ளியைத் தொடங்கிய சத்தியானந்தர், மேற்கு நாடுகளில் ஆசிரியர் பயிற்சியை ஆரம்பித்த விஷ்ணுதேவானந்தர், கோயம்புத்தூர்ப் பக்கம் செட்டிபாளையத்தில் பிறந்து 1969-ல் வுட்ஸ்டாக் விழாவைத் தொடங்கி வைத்த சச்சிதானந்தர். நம் தெருமுனை வகுப்பு வரை அந்த விழுது வந்திருக்கிறது. ஆனால் தெருமுனைக்கு வந்து சேர்ந்தது பின்பாதி மட்டும். ஆசனம் வந்தது, பிராணாயாமம் வந்தது, படம் வந்து சுவரில் தொங்குகிறது. மருந்தகம் வரவில்லை. முன்பாதியை ரிஷிகேசத்திலேயே விட்டுவிட்டு வந்துவிட்டோம்.

இப்படிச் சொன்னால் இரண்டு மறுப்பு வருகிறது. ஒன்று, “நாங்க முதுகுவலிக்கும் சுகருக்கும்தான் வாரோம், எங்களை ஏன் சாமியார் ஆக்கப் பாக்கீங்க?” என்கிறார்கள். நியாயமான கேள்விதான். முதுகுவலிக்கு வருவதில் தப்பே இல்லை. நானே மூட்டு வலிக்காகத்தான் போய்ச் சேர்ந்தேன். ஆனால் அந்த வகுப்பில் தினமும் ‘எல்லா உயிரும் ஒன்று’ என்று கண்ணை மூடிச் சொல்லித்தான் முடிக்கிறோம். அதைச் சொன்ன வாயோடு மேட்டைத் தள்ளிப் போடலாமா? வெறும் உடற்பயிற்சி என்றால் அந்த வாக்கியத்தை எடுத்துவிடுங்கள். வைத்துக்கொள்வதானால் அதன்படி ஒரு மணி நேரமாவது நடங்கள்.

இரண்டாவது மறுப்பு, சேவை எல்லாம் விளம்பரம் என்பது. போட்டோவுக்காகப் பழம் கொடுக்க வருகிறவர்களை முப்பத்தோரு வருடமும் பார்த்தவள் நான். ஆப்பிளை நோயாளியின் கையில் வைத்துப் படம் எடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். அந்த நோயாளிக்கு அதைக் கடிக்கப் பல் இருக்காது. அதனால்தான் பழம் கொடுக்கச் சொல்லவில்லை. தினமும் அல்லது வாராவாரம் ஒரே இடத்துக்குப் போய், ஒரே வேலையைச் செய்யச் சொல்கிறேன். போட்டோ மூன்றாவது வாரத்தில் அலுத்துவிடும். அதற்குப் பிறகும் வருகிறவர் நிற்பார்.

என்ன வேலை? அரசு மருத்துவமனை வார்டில் கூட ஆள் இல்லாத நோயாளி என்று எப்போதும் சிலர் இருப்பார்கள். பஸ் ஸ்டாண்டில் விழுந்து கிடந்து ஆம்புலன்ஸில் வந்தவர்கள், பிள்ளைகள் விட்டுவிட்டுப் போனவர்கள். எழுந்திருக்க முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் படுக்கைப்புண் வந்துவிடும். எலும்பு தெரியும் வரை போகும் புண். நாற்பது பேருக்கு ஒரு நர்ஸ் நிற்கும்போது அது நடப்பதில்லை. நடக்கவில்லை என்று அழுதபடியே வேலை செய்த நாட்கள் எனக்கு உண்டு. அங்கே டாக்டர் வேலை தெரிந்தவர் தேவையில்லை. நகம் வெட்ட, கஞ்சி ஊட்ட, தலை சீவ, சொல்லிக் கொடுத்தபடி இரண்டு பேராகப் பிடித்துப் புரட்ட ஆள் வேண்டும். யோகா வகுப்புக்காரர்களை விடப் பொருத்தமானவர்கள் யார்? விடியற்காலை ஐந்தரைக்கு எழுகிறவர்கள். குனிந்து நிமிர உடம்பு வளைகிறவர்கள்.

யோகா ஆசிரியர் சான்றிதழ் கொடுக்கும் அமைப்புகளுக்கு என் கோரிக்கை இதுதான். இருநூறு மணி நேரம், முந்நூறு மணி நேரம் என்று பயிற்சிக் கணக்கு வைக்கிறீர்கள். அதில் நாற்பது மணி நேரத்தை நோயாளிகள் பக்கத்தில் வையுங்கள். வார்டு சிஸ்டர் கையெழுத்துப் போட்டால்தான் சான்றிதழ். யோகா தினமான ஜூன் 21 அன்று மைதானத்தில் ஆயிரம் மேட் விரிக்கிறார்களே, அந்த நாளிலாவது பத்து மேட்டைத் தொழுநோய்க் குடியிருப்பு ஒன்றில் விரியுங்கள்.

தொழுநோய் ஒழிந்துவிட்டது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பத்தாயிரம் பேருக்கு ஒருவர் என்ற அளவுக்குக் கீழே வந்துவிட்டதாக 2005 டிசம்பரில் நம் நாடு அறிவித்தது உண்மை. நோய் ஒழிந்தது என்று அதற்கு அர்த்தம் இல்லை. மாத்திரை ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ சாப்பிட்டால் கிருமி போய்விடும். செத்த நரம்பு திரும்பாது. பாதத்தில் உணர்ச்சி இருக்காது. முள் குத்தினால் தெரியாது, சூடு பட்டால் தெரியாது. விரல் அழுகி விழுகிறது என்பார்கள். அழுகுவது நோயால் இல்லை. வலி தெரியாமல் மறுபடி மறுபடி அடிபடுவதால் தேய்ந்து போகிறது. தினமும் பாதத்தைத் தண்ணீரில் ஊறவைத்து, காய்த்த தோலைத் தேய்த்து எடுத்து, எண்ணெய் பூசி, எம்.சி.ஆர். எனும் மெத்தென்ற ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டால் கடைசிவரை நல்ல காலோடு இருக்கலாம். முக்கியமாக, யாராவது ஒருவர் தினமும் அந்தப் பாதத்தைப் பார்க்க வேண்டும்.

நான் அந்தப் பெரியவரைத் தேடிக் கண்டுபிடித்தேன். கஷ்டமாக இருக்கவில்லை. மருந்து வாங்க எங்கே வருவார் என்று எனக்குத் தெரியும். “என்ன அண்ணாச்சி, அப்புறம் வகுப்புக்கு வரலையே” என்றேன். “எதுக்கு சிஸ்டர், எல்லாருக்கும் சங்கடம்” என்றார். அன்று வாய் திறக்காமல் இருந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைப் பேச விடவில்லை. “மூச்சு இழுக்க லேசா இருந்துச்சு. அதான் வந்தேன்” என்று மட்டும் சொன்னார்.

இப்போது வியாழக்கிழமை தோறும் அவர் வீட்டுத் திண்ணையில் நான்கு பேர் சேர்கிறோம். வகுப்பிலிருந்து என்னோடு ஒரு கல்லூரிப் பெண்ணும் வருகிறாள். முதல் நாள் அவர் எல்லோரையும் போலச் சம்மணம் போட்டு உட்காரப் போனார். நான் தடுத்தேன். உணர்ச்சி இல்லாத கால் கோரைப்பாயிலோ வெறும் தரையிலோ அரை மணி நேரம் அழுந்தினால் வெளிக் கணுக்காலில் புண் வந்துவிடும். வலிக்காது, அதனால் அவருக்குத் தெரியாது. நாற்காலியில் உட்காருங்கள் என்றேன். “சாமி படத்துல சம்மணம் போட்டுல்லா இருக்காரு” என்று பிடிவாதம் பிடித்தார். ரிஷிகேசத்துக் கம்பளியை எடுத்து வந்து, நான்காக மடித்து, அவருடைய இரண்டு கணுக்கால்களுக்கும் அடியில் வைத்தேன். பத்தே நிமிடம்தான் என்று கண்டிஷன் போட்டேன்.

பத்து நிமிடம் ஆனதும் அந்தப் பெண் குனிந்து, நான் சொல்லிக் கொடுத்தபடி, அவர் பாதத்தைக் கையில் ஏந்தி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். தோல் எங்கும் சிவக்கவில்லை.